முந்நூற்று முப்பத்தொன்பது காதுகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் வெளியிட்ட அறிவிப்பின் தலைப்பு இது: ‘பாதுகாப்பு அறிவிப்பு எண் 41: ஒலிவரம்புக் காப்பு நிரலில் காலஎண்ணி நிரம்பல், உடனடிப் புதுப்பிப்பு தேவை.’ எழுதி முடித்ததும் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அவ்வளவு திருப்தி. ஒரு எழுத்துப் பிழை கிடையாது, ஒரு சொல் கூடுதல் கிடையாது.

பதினோரு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து எங்கள் குழுவைச் சேர்ந்த ஜெசிந்தா செய்தி அனுப்பியிருந்தார். “அண்ணே, இத எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ‘ஏட்டி, இது நல்ல சேதியா கெட்ட சேதியா’ன்னு கேக்காங்க.”

கெட்ட செய்திதான். இதைவிடக் கெட்ட செய்தியை நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

‘சங்கு’ என்பது காதுக் கருவிக்கான இயங்குதளம். அந்தக் கருவியின் ஒரு பாதியை அறுவை செய்து தலைக்குள் பொருத்திவிடுவார்கள். மறுபாதி வெளியே, காதுக்குப் பின்னால், காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருப்பது ஓசையை வாங்கி மின்துடிப்பாக்கி உள்ளே அனுப்பும். நரம்பு அதை ஓசை என்று எடுத்துக்கொள்ளும். இதைச் செய்து விற்ற நிறுவனம் மூடிப்போய் ஆறு வருடமாகிறது. போகும்போது கருவியை ஓட்டும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து சம்பளமில்லாத பதினோரு பேர் அதைக் காப்பாற்றி வருகிறோம். நான் பாளையங்கோட்டையில் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கிறவன். என் அக்கா மகன் இந்தக் கருவி போட்டிருந்தான் என்பதற்காக உள்ளே வந்தேன். அவன் வெளிநாடு போய் வேறு கருவிக்கு மாறிவிட்டான், நான் மாட்டிக்கொண்டேன். அறிவிப்பு எழுதுவது என் வேலை. பெயர் சிவசைலம்.

நிரலில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் மேலப்பாளையத்து நூருல் அமீன். எங்கள் பதினோரு பேரில் நிரல் எழுதத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர். முந்தின நாள் கடைக்கே வந்து, பம்பு வாங்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னார்.

“அண்ணாச்சி, கருவிக்குள்ள நேரத்த எண்ணுற ஒரு எண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாக் கருவிக்கும் ஒரே தொடக்க நாள். வார ஞாயித்துக்கிழமை பகல் பதினொன்னு நாப்பதுக்கு அது நெறஞ்சு திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துரும்.”

“வந்தா வரட்டும். அதனால என்ன?”

“சத்தம் இதுக்கு மேல உள்ள போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு வச்சிருக்காம்லா, அது அந்த எண்ணிய நம்பித்தான் நிக்குது. அது தப்புனா வரம்பும் போச்சு. அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தன் தும்முனாக்கூட முழுக் கரண்டும் நரம்புல ஏறிரும்.”

“நரம்பு தாங்குமா?”

அமீன் தலையை ஆட்டினார். “ஒருதடவ கருகுனா கருகுனதுதான். அப்புறம் எந்தக் கருவி வச்சாலும் கேக்காது.”

மருந்து என்னவோ எளிதுதான். திருத்திய புதுப்பதிப்பு திங்கட்கிழமை மாலையே தயார். கருவியில் உள்ள பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் தானே இறங்கிக்கொள்ளும். அதுவும் முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை கழற்றி மேசையில் வைத்துவிட்டால் போதும். போட்டிருக்கிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் வந்தது வினை. போட்டிருக்கிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பெயரோ ஊரோ தொலைபேசி எண்ணோ வாங்கி வைப்பதில்லை என்பது எங்கள் கொள்கை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் சர்வரைக் கூப்பிட்டு, ‘நான் பழைய பதிப்பு, புதுசு ஏதும் உண்டா’ என்று கேட்கும்; தலையிலிருந்து கழற்றினால் கேட்பது நின்றுவிடும். ‘உண்டு’ என்போம். உடனே கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கு காதுக்குப் பின்னால் இருக்கிறது. எந்த மனிதப் பிறவி தன் காதுக்குப் பின்னால் எரியும் விளக்கைப் பார்க்கும்? பழைய நிறுவனம் மருத்துவர்களுக்காக வைத்த விளக்கு அது. நாங்கள் ஆறு வருடமாக அதை எரியவிட்டுவிட்டு, செய்தி சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

செவ்வாய் மாலை பழைய பதிப்பில் கூப்பிட்ட கருவிகள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.

அறிவிப்பை ஜெசிந்தா திருத்தினார். ‘ஞாயிறு பகல் பதினொன்று நாற்பதுக்குள் காதுக் கருவியைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் காது நிரந்தரமாகப் போகும்.’ மூன்றே வரி. எனக்கு ரோஷம் வந்தது, வெட்கமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினோம். காது மருத்துவமனைகள், பேச்சுப் பயிற்சி மையங்கள், செவித்திறன் குறைந்தோர் பள்ளிகள், உள்ளூர்த் தொலைக்காட்சிகள், வாட்ஸப் குழுக்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நாளிதழ் எட்டாம் பக்கத்தில் போட்டது. எண்ணிக்கை ஆயிரத்து நானூறு ஆனது, அறுநூறு ஆனது. கடையில் வாடிக்கையாளர் வாஷர் கேட்டால் நான் பேரிங் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்க்காமல் கை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் முந்நூற்று முப்பத்தொன்பதில் வந்து நின்றது. மாலைவரை ஒன்றுகூடக் குறையவில்லை.

“இனி கொறையாது அண்ணாச்சி,” என்றார் அமீன் போனில். “பேப்பர் படிக்கிறவங்க, வாட்ஸப் பாக்கிறவங்க எல்லாரும் வந்தாச்சு. மிச்சமிருக்க முந்நூத்திச் சொச்சம் பேருக்கும் நம்ம கத்துறது கேக்காது. கேக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு.”

“அதச் சொல்லாதீரும்.”

“நான் சொல்லாட்டா நீங்க நெனைக்கலயா?”

நினைத்தேன். புதன்கிழமையிலிருந்தே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பழைய நிறுவனம் ஒரு காலத்தில் அந்தக் கருவி வழியாக விளம்பரம் போட்டது. வெளியிலிருந்து வரும் ஓசை அல்ல. சர்வர் அனுப்பும் பதிலோடு ஒரு குரலைச் சேர்த்து அனுப்பும், அது நேரே தலைக்குள் பேசும். காதைப் பொத்தினாலும் நிற்காது. எங்களிடம் நிரல் வந்தபோது அந்த வழியைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றார் ஜெசிந்தா. பிடுங்கினால் புதுப்பிப்புக் கேட்கும் வழியும் சேர்ந்து போய்விடும் என்றார் அமீன். கடைசியில் பூட்டி வைத்தோம். இரண்டு ரகசியச் சாவி. ஒன்று என்னிடம், ஒன்று ஜெசிந்தாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போனேன்.

ஜெசிந்தா துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் கேட்பது நின்றுபோய், இருபத்து நாலு வயதில் கருவி வைத்துக்கொண்டவர். இப்போது முப்பத்தெட்டு. எங்கள் பதினோரு பேரில் கருவி போட்டவர் அவர் ஒருவர்தான். என்னைக் கண்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டார், முகத்தில் சிரிப்பில்லை.

“எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்ணே. முடியாது.”

“முந்நூத்து முப்பத்தொம்பது பேரு ஜெசி.”

“அந்த எண்ண நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கப்பாவ அடக்கம் பண்ணுன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லிருக்கனா?”

சொன்னதில்லை. ஏதோ நடந்தது என்று மட்டும் தெரியும்.

“கல்லறைத் தோட்டத்துல பெட்டிய எறக்குதாங்க. ஃபாதர் செபம் சொல்லுதாரு. எல்லாரும் மண்ணு போடுதாங்க. நான் கையில மண்ண வச்சுக்கிட்டு நிக்கேன், தலைக்குள்ள ஒரு பொம்பளை பேசுதா. மெத்தை விளம்பரம். ‘நிம்மதியா தூங்குங்க’ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. நான் அங்ஙனயே காதப் பிச்சு எறிஞ்சேன். எங்கண்ணன் எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சுக் கையப் புடிச்சுக்கிட்டான். கம்பெனிக்கு எழுதுனேன். மன்னிப்புக் கேட்டு நல்ல லெட்டர் போட்டாங்க. ‘இனி இப்படி நடக்காது’ன்னு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்துச்சு.”

மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அதில் ஒரு கோட்டுப் படம் இருந்தது. முந்நூற்று முப்பத்தொன்பது கருவிகள் தினமும் எப்போது கூப்பிடத் தொடங்குகின்றன, எப்போது நிறுத்துகின்றன என்பதை முந்தின நாள் ராத்திரி அமீன் வரைந்திருந்தார். எண்ணிக்கையைத் தவிர எதையும் பார்க்க மாட்டோம் என்று சொன்னவர்கள்தான் நாங்கள்.

“இதப் பாக்கவே கூடாது,” என்றார் ஜெசிந்தா.

“கூடாதுதான். பாத்தாச்சு. நீங்களும் பாருங்க.”

பார்த்தார். வார நாட்களில் காலை ஆறே முக்காலுக்கும் ஏழேகாலுக்கும் நடுவே கோடு செங்குத்தாக ஏறியது. இரவு எட்டரைக்குப் பாதிக்கு மேல் சரிந்து விழுந்தது.

“எட்டரை மணிக்கு எந்தப் பெரிய ஆளு தூங்குவான்?” என்றேன்.

அவர் விரல் அந்தச் சரிவின்மேலேயே நின்றது. “பிள்ளைங்களா?”

“பாதிக்கு மேல. அரசாங்க மருத்துவ முகாம்ல கருவி வச்சுவிட்ட பிள்ளைங்களா இருக்கும்னு அமீன் சொல்லுதாரு. வீட்டுல வாட்ஸப் இருக்கும், நம்ம குழு இருக்காது.”

வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை ஜெசிந்தா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார்.

“மூணு விஷயம். குரல் என் குரலா இருக்கணும். பிள்ளைக்குப் புரியிற மாதிரி பேசணும். மூணாவது, எனக்கும் வரணும். நான் இன்னும் புதுப்பிக்கல. அந்த முந்நூத்து முப்பத்தொம்பதுல நானும் ஒண்ணு. நான் கேக்காத ஒண்ண இன்னொருத்தர் தலைக்குள்ள போட மாட்டேன்.”

என்ன பேசுவது என்று நான் ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாங்கி வாசித்தவர் கடைசி வரியை அடித்தார். ‘இனி இப்படி நடக்காது’ என்பதுதான் அந்த வரி. கம்பெனி எழுதிய அதே வரியை நானாகவே எழுதியிருக்கிறேன். கூனிக் குறுகிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூடிய கடைக்குள் உட்கார்ந்து என் சாவியைப் போட்டேன். ஜெசிந்தா தூத்துக்குடியில் அவர் சாவியைப் போட்டார். அமீன் போனில் இருந்தார். முந்நூற்று முப்பத்தொன்பது தலைகளுக்குள் ஒரு குரல் பேசியது.

“பயப்படாதீங்க. என் பேரு ஜெசிந்தா. நானும் உங்கள மாதிரி காதுக் கருவி போட்டவதான். கருவிய இப்பமே கழட்டிருங்க. சின்னப் பிள்ளைங்க அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ குடுத்துருங்க. கழட்டாட்டா காது போயிரும். சங்கு இணையப் பக்கத்துல பாத்துப் புதுப்பிச்சிட்டு அப்புறமா மாட்டிக்கலாம். கேக்காம உள்ள வந்து பேசுனதுக்கு மன்னிச்சிருங்க.”

ஒன்பது ஐந்துக்கு இருநூற்று எண்பத்தொன்று. ஒன்பதரைக்கு நூற்று இருபது. அமீன் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியில் உட்கார மாட்டாமல் கடைக்குள்ளேயே நடந்தேன்.

பத்து மணிக்கு என் போன் அடித்தது. எங்கள் இணையப் பக்கத்தில் என் எண் உண்டு. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர். எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

“எம் புள்ள காதுக்குள்ள எவளோ பேசுதாளாம்! பயந்து அலறிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிருக்கா. ஒம்பது வயசுப் புள்ளய்யா! யாருவே உங்களப் பேசச் சொன்னது?”

“கழட்டிட்டாளா?”

“என்னது?”

“கருவியக் கழட்டிட்டாளாய்யா?”

“கழட்டி எறிஞ்சிட்டா.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விவரத்தைச் சொன்னேன். அவர் தணிந்த குரலில், “இனி அவள மாட்டச் சொன்னா மாட்டுவாளா?” என்று கேட்டார்.

பதினோரு மணிக்கு ஒன்பது. பதினொன்று பத்துக்கு மூன்று. பதினொன்று இருபதுக்கு ஒன்று. அந்த ஒன்று அப்படியே நின்றது. மறுபடி அனுப்பினோம், அதற்கும் அசையவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கும் ஒன்று. முப்பதுக்கும் ஒன்று.

“எவன் அந்தப் படுபாவி?” என்று போனில் அலறினார் அமீன். “கேக்குதுல்லா? கேட்டுக்கிட்டுத்தான இருக்கான்? கழட்ட வேண்டியதுதான!”

பக்கவாதக்காரராக இருக்குமோ, கை தூக்க முடியாதவராக இருக்குமோ, தமிழே தெரியாதவராக இருக்குமோ என்று என் மனம் தறிகெட்டு ஓடியது. அந்த ஒருவருக்காக, கும்பிட்டுப் பழக்கமில்லாத நான் கடைச் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன்.

பதினொன்று முப்பத்தைந்து. பூஜ்யம்.

அமீன் போனிலேயே விசில் அடித்தார். பதினொன்று நாற்பது வந்தது, போனது. எங்கேயும் எதுவும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். ‘சந்தோஷம்ணே’ என்று மட்டும் பதில் வந்தது. அன்று மாலையே அவர் சாவியை அனுப்பி, அந்த வழியை அடியோடு இடித்துவிடச் சொன்னார். புதுப்பிப்புக் கேட்க அமீன் வேறு வழி எழுதியிருந்தார். இடித்தோம். நான் அறிவிப்பு எண் 42 எழுதினேன். இந்தமுறை மூன்று வரியைத் தாண்டவில்லை.

புதன்கிழமை ஆகியும் ஜெசிந்தா போனை எடுக்கவில்லை. மனசு கேட்காமல் மறுபடி தூத்துக்குடிக்குப் போனேன்.

அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து, “ஜெசி” என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அடுத்த மேசைக்காரர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். திரும்பினார். காதுக்குப் பின்னால் கருவி இல்லை.

“வாங்கண்ணே,” என்றார். குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்து, அறை முழுக்கக் கேட்டது. “கடைசி ஒண்ணு நான்தான். பயந்துட்டீங்களோ?”

நான் தாளை இழுத்து எழுதினேன்: ‘ஏன்?’

“பதினொன்னு முப்பத்து மூணு வர போட்டிருந்தேன். எங்கம்மா அடுப்படியில தாளிச்சாங்க. கடுகு வெடிக்கிறதக் கேட்டேன். அந்தோணியார் கோயில் மணி கேட்டேன். எங்கம்மாவப் பேசச் சொன்னேன். என்னத்தப் பேசன்னாங்க. என்னத்தயாவது பேசும்மான்னேன். மீன் வெலையப் பத்திப் பேசுனாங்க. அப்புறம் கழட்டிட்டேன்.”

வேகவேகமாக எழுதினேன். ‘வழியை இடித்துவிட்டோம். நிரலை நீங்களே பாருங்கள். புதுப்பதிப்பு போட்டுக்கொள்ளுங்கள். இனி யாராலும் உள்ளே பேச முடியாது.’

வாசித்தார். சிரித்தார், கோபமே இல்லாத சிரிப்பு அது. “பாத்தேன்ணே. இடிச்சது நெசம்தான். உங்களச் சந்தேகப்படல.” தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார். “நாளைக்கு இன்னொரு ஓட்டை வரும். இன்னொரு முந்நூறு பிள்ளைங்க இருப்பாங்க. அப்பம் என்ன பண்ணுவீங்க?”

பேனா கையில் இருந்தது. பொய் எழுதத்தான் நினைத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘மறுபடி ஒரு வழி திறப்பேன்’ என்று எழுதித் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நானும் தெறப்பேன்ணே. அதான் கழட்டிட்டேன்.”